பத்துப் பல்லுச் சில்லு

சித்தப்பா வாங்கிவந்த நாலுசில்லு வண்டியில் எங்கள் வீட்டாருக்கு இருந்த ஒரே மனக்குறை, அது நன்றாக ஓடியதுதான்.

ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமையொன்றில், யாரிடமோ இரவல் வாங்கிய இழுவைப்பெட்டியில் அதைக் கட்டி ஏற்றிக்கொண்டு, லோறென்ஸ்கூக்கிலிருந்த எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். காட்டிலும் மேட்டிலும் ஓடுவதற்கென்று செய்த சிறிய வண்டி. சிவப்பு நிறம், குட்டையான தடித்த டயர்கள், மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோன்ற கைபிடி. இலக்கத்தகடு இருந்தது. இரண்டு பேர் ஏறலாம். சித்தப்பா வெஸ்ட்லியில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது தட்டில் தனியாக இருந்தவர். வண்டியை நிறுத்த அங்கே இடமில்லை என்பது வாங்கிய பிறகுதான் அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு அவர் வாங்கிய, உறைந்த ஏரியில் துளைபோட்டு மீன்பிடிப்பதற்கான துறப்பணமும் எங்கள் கராஜில்தான் கிடந்தது. அதன் புண்ணியத்தில் ஒரு மீனும் இதுவரை செத்ததில்லை.

அப்பா பேருந்து ஓட்டுபவர். எந்த வாகனமானாலும் சுற்றிவந்து நாலு சில்லையும் காலால் தட்டிப் பார்க்காமல் வாய்திறக்கமாட்டார். தட்டிப் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டார்.

“இது ஆருக்கடா?”

“பெடியனுக்கு,” என்றார் சித்தப்பா.

பெடியன் என்பது என் தம்பி. அவனுக்கு அப்போது எட்டு வயது, எனக்குப் பதினொன்று. பிறந்ததிலிருந்தே அவனுடைய கால்களின் தசைகள் இறுகிப்போயிருந்தன. வீட்டுக்குள் சுவரையும் மேசையையும் பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் போவான், வெளியே சக்கரநாற்காலிதான். கைகளும் தலையும் வாயும் நன்றாக வேலைசெய்தன. வாய் தேவைக்கு அதிகமாகவே வேலைசெய்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு செப்டெம்பரும் எல்லா வகுப்புகளும் சேர்ந்து காட்டுக்குள் இருக்கும் ஓர் ஏரிக்கு நடந்துபோவோம். பாதி வழிக்கு மேல் சரளைக்கல் போட்ட அகலப் பாதை. அதற்குப் பிறகு மரவேர்களும் கல்லுமாக ஓர் ஏற்றம். அந்த ஏற்றத்தின் முடிவில்தான் ஏரி. முதலாம் வகுப்பில் தம்பியை அவர்கள் கூட்டிப்போகவில்லை. அவனுக்கு உதவியாளராக இருந்தவரோடு பள்ளிக்கூடத்திலேயே நின்று கறுவாப் பண் சுட்டான். இரண்டாம் வகுப்பில், கரடுமுரடான பாதைக்கென்று செய்த மூன்று சில்லு நாற்காலியில் வைத்து இரண்டு ஆசிரியர்கள் இழுத்துப்போனார்கள். ஏற்றத்தின் அடிவரைக்கும்தான் முடிந்தது. அங்கேயே வைத்துச் சாப்பாட்டைக் கொடுத்துத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து, தான் மேலேவரை போனதாக அம்மாவிடம் சொல்லிவிட்டான். பிறகு என்னிடம் வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஏரி எப்படியிருக்கும் என்று கேட்டான். பொய்யை ஒழுங்காகச் சொல்வதற்கு அவனுக்கு விவரம் தேவைப்பட்டது. நானும் என் பங்குக்கு, கடல் மாதிரிப் பெரிய ஏரி, நடுவில் தீவு, தீவில் ஒரு வீடு, கரையில் படகு என்று அள்ளிக் கொடுத்தேன். அம்மா அவன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு அவனுடைய சப்பாத்தைக் கழற்றினார். அதில் ஒரு துளி சேறும் இருக்கவில்லை. அப்படியே அதை அலுமாரிக்குள் வைத்தார்.

தம்பி ஏற்றத்தின் அடியிலேயே திரும்பிவந்ததை அப்பா எப்போதோ சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார். சித்தப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போய் வண்டியை வாங்கிவிட்டார்.

அந்தக் காட்டில் மோட்டார் வண்டி ஓட்ட யாருக்கும் அனுமதியில்லை என்பது வண்டி எங்கள் கராஜுக்குள் போன பிறகுதான் பேச்சுக்கு வந்தது. அப்பா பள்ளிக்கூடத்தைக் கேட்டார். பள்ளிக்கூடம், கொம்யூனைக் கேளுங்கள் என்றது. அப்பா ஓய்வுநாளில் கொம்யூன் எனப்படும் நகராட்சியின் அலுவலகத்துக்கே நேரில் போய், ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பப்பட்டு, கடைசியில் எல்லோரும் வியக்கும்படி அனுமதியோடு வந்தார். அந்த ஒரு நாள், அந்த ஒரு பாதை, தம்பியை ஏற்றிச்செல்ல மட்டும். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. மனிதர் நடக்கும் வேகத்துக்கு மேல் போகக்கூடாது.

“அதுக்கென்ன, மெல்ல ஓடினாச் சரி,” என்றார் சித்தப்பா.

மெல்ல ஓடுவதுதான் அந்த வண்டியால் முடியாத காரியம். எங்கள் வீட்டுக்கு முன்னாலிருந்த சாய்வில் என்னை நடக்கச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் ஓட்டிவந்தார். வண்டி விக்கியது, பாய்ந்தது, நின்றது, மறுபடி பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஏதோ கருகி மணந்தது. அதற்குக் கியர் மாற்றும் தடி கிடையாது. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது கிளச் தானாகப் பிடித்துக்கொள்ளும், மெதுவாகச் சுற்றினால் பாதி பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கிச் சூடேறும். நன்றாகப் பிடிக்க வேண்டுமென்றால் ஆள் ஓடுகிற வேகத்தில் போக வேண்டும். அந்த வேகத்தில் மரவேர்களுக்கு மேலே போனால் தம்பி ஏரிக்கு வண்டியைவிட முன்னதாகப் போய்ச்சேருவான் என்றார் அப்பா.

சித்தப்பா டயர் மாற்றும் இடமொன்றில் வேலைசெய்தவர். அங்கிருந்தவர்களோடு கதைத்துவிட்டு ஒரு முடிவோடு வந்தார். எஞ்சினிலிருந்து வரும் செயின் முன்னாலுள்ள சின்னப் பல்லுச்சில்லைச் சுற்றிவந்து, பின் அச்சிலுள்ள பெரிய பல்லுச்சில்லைச் சுழற்றுகிறது. பின்னால் இருப்பதை இன்னும் பெரிதாக்கினால், எஞ்சின் அதே வேகத்தில் சுற்றினாலும் டயர்கள் மெதுவாகச் சுற்றும், இழுவையும் கூடும். இருந்த சில்லுக்கு முப்பத்தேழு பல்லு. ஐம்பத்திரண்டு பல்லுள்ள ஒன்றைத் தேடி வரவழைத்தார். அது சாப்பாட்டுத் தட்டளவு இருந்தது. தம்பி அதைத் தலைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு சாமிப்படத்தில் இருப்பதுபோல அருள்பாலித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அப்பாவும் சித்தப்பாவும் கராஜுக்குள் கிடந்தார்கள். பின் அச்சைக் கழற்றியதும் பழைய சில்லு வந்தது, புதியதைப் போட்டதும் செயின் எட்டவில்லை. செயினுக்குச் சில கண்ணிகள் கூட்டிக் கட்டினார்கள். அது தொய்ந்தது. அச்சைப் பின்னுக்குத் தள்ளி இறுக்கினார்கள். நான் கதவடியில் நின்று, இதெல்லாம் முடியாமல் போய்விட வேண்டும் என்று ஒரு பக்கமும், முடிந்துவிட வேண்டும் என்று மறுபக்கமும் வேண்டிக்கொண்டிருந்தேன். தம்பி மேலே போக வேண்டும் என்பதில் எனக்கு உண்மையான ஆசை இருந்தது. ஆனால் முழுப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால், சித்தப்பாவின் சிவப்பு வண்டி பெருஞ்சத்தத்தோடு காட்டுக்குள் நுழையும்போது அது என் குடும்பம் என்று எல்லோருக்கும் தெரியுமே என்ற நினைப்பும் கூடவே இருந்தது.

பரீட்சித்துப் பார்க்கச் சித்தப்பாவின் வேலையிடத்து நண்பர் ஒருவருடைய பண்ணைக்குப் போனோம். பின் இருக்கையில் ஒரு சாய்மானமும் இடுப்புப் பட்டியும் சித்தப்பா பொருத்தியிருந்தார். தம்பி ஏறுவதற்குக் கையை நீட்டினான். அம்மா அவனைக் காரைவிட்டு இறக்கவேயில்லை.

“முதல்ல அரிசி போகட்டும்,” என்றார்.

வீட்டில் புதிதாக வாங்கி வைத்திருந்த இருபது கிலோ அரிசிமூட்டையை அவர் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டுதான் வந்திருந்தார். தம்பியின் எடையும் ஏறக்குறைய அதுதான். அரிசிமூட்டையைச் சாய்மானத்தில் நிமிர்த்தி வைத்துப் பட்டியைப் பூட்டினார்கள். தம்பி கார் ஜன்னலைத் திறந்து அதற்குக் கைகாட்டினான்.

வண்டி அருமையாகப் போனது. அப்பா பக்கத்தில் சாதாரணமாக நடந்தார். எஞ்சின் விக்கவில்லை, ஒன்றும் கருகவில்லை. வேகம் குறைந்ததற்கு நேர்மாறாகச் சத்தம் மட்டும் கூடியிருந்தது. வயல் முடிந்து மேடு தொடங்கியது. பாதி மேட்டில், ஒரு கல்லுக்கு மேலாகப் போகும்போது, இரும்பு இரும்பிலே அடிபட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. பெரிதாகிய சில்லு நிலத்தை நோக்கி இறங்கியிருந்ததை யாரும் யோசித்திருக்கவில்லை. கல்லில் மோதிப் பற்கள் வளைந்தன, செயின் கழன்றது, வண்டி பின்னோக்கி உருண்டது. சித்தப்பா பிரேக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தார். அப்பா பின்னாலிருந்து தோளைக் கொடுத்தார். வண்டி நின்றுவிட்டது, ஆனால் ஒரு பக்கமாகச் சரிந்து. அரிசிமூட்டை பட்டியோடு தொங்கி, பாறையில் உரசிக் கிழிந்தது. மேட்டிலிருந்து கீழே வரைக்கும் வெள்ளையாக அரிசி கொட்டுண்டது.

யாருக்கும் காயமில்லை. அப்பாவின் முழங்கை மட்டும் உரசியிருந்தது. சித்தப்பா எழும்பி, கிழிந்த மூட்டையைப் பார்த்தார், பிறகு காரைப் பார்த்தார். அம்மா காருக்கு வெளியே நின்றார். அவருடைய கை, திறந்திருந்த ஜன்னலுக்குள் போய்த் தம்பியின் சட்டையைப் பிடித்திருந்தது.

தம்பிதான் முதலில் கதைத்தான்.

“அம்மா, அரிசிக்கு நொந்ததோ?”

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா சித்தப்பாவிடம் குரலை உயர்த்தாமலே சொன்னார். “இதோட காணும். இனி இந்தக் கதை வேண்டாம்.”

திரும்பி வரும்போது காருக்குள் அப்பாவின் காற்சட்டை மடிப்பிலிருந்து அரிசி ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. எனக்கு ஏமாற்றமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரலாம் என்பது எனக்குப் புதிது.

வண்டி தறப்பாளுக்குக் கீழே போனது. ஒரு கிழமைக்கு யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. சித்தப்பாவும் வரவில்லை. அந்தக் கிழமைக் கடைசியில், அம்மா பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போது, தம்பி குசினி மேசையிலிருந்து மிகவும் உற்சாகமாகச் சொன்னான்.

“நான் இந்த முறையும் பள்ளிக்கூடத்திலை நிண்டு பண் சுடுறன் அம்மா. எனக்கு அதுதான் விருப்பம். ஏரி நான் பாத்தனான்தானே.”

அம்மா திரும்பாமல், “ஓம்,” என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கராஜுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அவர் தறப்பாளைத் தூக்கிவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, வளைந்த பற்களை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு செயின் எங்கிருந்து வருகிறது என்று தலையைச் சரித்து முன்பக்கத்தைப் பார்த்தார். அம்மா முதியோர் இல்லமொன்றில் வேலைசெய்தவர். இயந்திரங்களைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது என்பது வீட்டில் எல்லோருடைய முடிவு. அங்கேயே குந்தியிருந்தபடி சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“பின்னுக்குப் பழைய சில்லையே போடும். அது கல்லிலை முட்டாதுதானே. முன்னுக்கு உள்ளுக்கை ஒரு சின்னன் இருக்கு. அதை இன்னும் சின்னனாக்கேலாதோ?”

ஒலிபெருக்கியில், சித்தப்பா தன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

“ஏலும் அண்ணி,” என்றார் சித்தப்பா. “ரெண்டுக்கும் ஒரே கணக்குத்தான். ஆனா அவ்வளவு சின்னச் சில்லிலை செயின் கெதியாத் தேஞ்சுபோம்.”

“ஒரு நாள் ஏறி இறங்கினாக் காணும்,” என்றார் அம்மா.

மறுநாள் சித்தப்பா வந்தார். “நல்லா யோசிச்சுப் பாத்தனான் அண்ணை,” என்று அப்பாவிடம் தொடங்கி, பின்சில்லைத் தொடாமல் முன்சில்லைச் சிறிதாக்குவது எப்படி என்பதைக் கையை விரித்துக் காட்டி விளக்கினார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தார்.

முன்னால் இருந்த சில்லுக்குப் பதினாலு பல்லு. பத்துப் பல்லுள்ள ஒன்றைச் சித்தப்பா எங்கோ தேடிப்பிடித்தார், அது நடைப்பயணத்துக்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் வந்துசேர்ந்தது. பொதியைப் பிரித்து நான் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கியது. தேநீரோடு சாப்பிடுகிற பிஸ்கட் அளவு. இவ்வளவு பாடும் இதற்காகவா என்றிருந்தது. இந்த முறை வேலை ஒரு மாலையில் முடிந்துவிட்டது. சின்னச் சில்லைப் பூட்டியதும் செயின் தளர்ந்தது, கூட்டிக் கட்டியிருந்த கண்ணிகளைக் கழற்றி அளவாக்கினார்கள். பின்சில்லுக்குக் கீழே கல் படாமல் தடித்த இரும்புத் தகடு ஒன்றையும் சித்தப்பா பொருத்தினார். அது அவருடைய சொந்த யோசனை என்பதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளும்வரை அவர் விடவில்லை.

அம்மா இரண்டாவது அரிசிமூட்டை இல்லாமல் எதற்கும் சம்மதிக்கவில்லை. அதே பண்ணை, அதே மேடு. அரிசி ஏறியது. அரிசி இறங்கியது. மூட்டையில் ஒரு கீறலும் இல்லை. அம்மா அதைத் தானே போய்ப் பட்டியைக் கழற்றி இறக்கி, சுற்றிவரப் பார்த்தார். அடுத்ததாகத் தம்பியை ஏற்றினார்கள். அவன் மேட்டின் உச்சியில் நின்று, இரண்டு கைகளையும் தூக்கி, தான் அரிசியைவிட நன்றாக இருந்ததாகக் கத்தினான்.

நடைப்பயணத்து நாள் காலையில் தூறல் போட்டது. அம்மாதான் எங்களைக் காட்டின் ஓரத்திலிருந்த வாகனத் தரிப்பிடத்துக்குக் கொண்டுவந்து விட்டார். சித்தப்பா இழுவைப்பெட்டியோடு வந்தார். தம்பிக்கு இரண்டு காற்சட்டை, அதற்கு மேல் மழைக்காற்சட்டை, தலைக்கவசம். கட்டி முடித்ததும் பட்டியை அம்மா மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

“நீங்கள் வரேல்லையோ அம்மா?” என்று கேட்டேன்.

“நீங்கள் போட்டு வாங்கோ. நான் இஞ்சை காருக்கை நிக்கிறன்.”

அம்மாவுக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகள் எல்லோரும் முன்னால் போக, புகை அவர்கள் மேல் படாதபடி வண்டி கடைசியில் வருவதென்று ஏற்பாடு. அப்பா வண்டிக்கு ஒரு பக்கம், தம்பியின் உதவியாளர் மறுபக்கம். நான் என் வகுப்போடு போனேன். வண்டி வெகுதொலைவில் வந்தாலும் அதன் சத்தம் எங்களோடேயே வந்தது. என் சிநேகிதி, அது என்ன சத்தம் என்று நோர்வே மொழியான நொஸ்கில் கேட்டாள். மரம் வெட்டுகிறார்கள்போல இருக்கிறது என்றேன்.

ஏற்றத்தின் அடியில் எல்லோரும் நின்றார்கள், பிறகு எங்கள் வகுப்பு முதலில் ஏறியது. ஈரத்தில் வேர்கள் பளபளத்தன. முன்னைய நாட்களில் நான் இதைக் கவனித்ததே இல்லை, ஓடி ஏறிவிடுவேன். இப்போது மேலே நின்று திரும்பிக் கீழே பார்த்தபோது அது ஒரு சுவர்போல இருந்தது. ஆசிரியை பிள்ளைகளைப் பாதையின் ஓரங்களுக்கு ஒதுக்கினார். பிறகு வண்டி வந்தது. பெருஞ்சத்தம், ஆனால் வேகமோ, நாங்கள் எதிர்பார்த்த எதற்கும் பொருந்தாதது. பாரம் தூக்கிய ஒருவர் அவசரமில்லாமல் படியேறுவதுபோல, ஒரு வேரில் முன் டயர் ஏறி இறங்கும், பிறகு பின் டயர் ஏறி இறங்கும். தம்பி சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் வாய் மூடியிருந்ததிலிருந்தே அவன் எவ்வளவு பயந்திருந்தான் என்பது எனக்குத் தெரிந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு தடித்த வேர் குறுக்கே கிடந்தது. வண்டியின் முன் டயர்கள் அதைத் தாண்டின. பின் டயர்கள் தாண்டவில்லை. ஈரத்தில் சுற்றின, சேற்றை வீசின, வண்டி ஒரு கையளவு பின்னுக்கு வழுக்கியது. சித்தப்பா பிரேக்கைப் பிடித்தார். அப்பா தோளைக் கொடுத்தார். எனக்கு அந்த நேரம் கண்ணுக்குள் வந்தது மேட்டில் கொட்டுண்ட அரிசிதான்.

எப்போது ஓடினேன் என்று தெரியவில்லை. சிநேகிதியின் கையை உதறிவிட்டு, வேர்களில் சறுக்கிக்கொண்டு கீழே ஓடி, அப்பாவுக்குப் பக்கத்தில் போய் இரண்டு கைகளையும் சாய்மானத்துக்கு மேலாகத் தம்பியின் முதுகில் வைத்து அழுத்தினேன். அதனால் எந்தப் பிரயோசனமும் இருந்திருக்காது. உதவியாளர் வேருக்கும் டயருக்கும் நடுவில் ஒரு கல்லை உருட்டி வைத்தார்.

“அவசரப்படாதை,” என்றார் அப்பா. “மெல்லக் குடு.”

சித்தப்பா மெல்லக் கொடுத்தார். செயின் இறுகி முறுகும் சத்தம் கேட்டது. அந்தச் சின்னச் சில்லு, பிஸ்கட் அளவு சில்லு, எங்கோ உள்ளேயிருந்து இழுத்தது. டயர் கல்லைப் பிடித்தது, வேரில் ஏறியது, ஒரு கணம் அங்கேயே யோசித்துக்கொண்டு நின்றது, பிறகு மறுபக்கம் இறங்கியது. என் கைகளுக்குக் கீழே தம்பியின் முதுகு தளர்ந்ததை உணர்ந்தேன். கடைசிக் கொஞ்சத் தூரத்தையும் அவனுடைய மழைச்சட்டையைப் பிடித்தபடியே நடந்தேன். ஓரத்தில் நின்ற என் வகுப்புப் பையன் ஒருவன், தானும் ஒருமுறை ஏறலாமா என்று கேட்டான்.

“ஏலாது,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு நொஸ்கில் திருப்பிச் சொன்னேன். “அது என் தம்பியுடையது.”

ஏரிக்கரையில் சித்தப்பா எஞ்சினை நிறுத்தினார். காடு திடீரென்று அமைதியானது. தம்பி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தான். சாம்பல் நிறத்தில், ஓரங்களில் நாணல் வளர்ந்த, அந்தக் கரையிலிருப்பவர் தும்மினால் இந்தக் கரைக்குக் கேட்கக்கூடிய ஏரி. தீவு இல்லை. படகும் இல்லை.

“இவ்வளவுதானோ?” என்றான் என்னைப் பார்த்து.

அப்பாதான் முதலில் சிரித்தார். சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். உதவியாளருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தச் சின்ன ஏரியைவிட்டுத் தம்பியைக் கிளப்ப முடியவில்லை. அவனை ஒரு பாறையில் இருத்தினார்கள். அவனுடைய வகுப்புப் பிள்ளைகள் பொறுக்கிக் கொடுத்த கற்களை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் எறிந்தான். நெருப்பில் வாட்டிய சொசேஜில் பாதியைச் சாம்பலோடு தின்றான். சப்பாத்தைக் கழற்றிக் காலைத் தண்ணீருக்குள் வைக்கவேண்டுமென்று அடம்பிடித்தான். வைத்ததும் குளிரில் கத்தினான், எடுக்கவும் விடவில்லை. அவனுடைய சப்பாத்தில் அன்று நிறையச் சேறு இருந்தது.

இறங்கும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. வண்டி கால்வைத்துக் கால்வைத்து இறங்குவதுபோல இறங்கியது. மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வேறு பாதையால் கூட்டிப்போனார்கள், உதவியாளரும் அவர்களோடு போனார், நான் எங்கள் ஆட்களோடு வந்தேன். வழிமுழுவதும் அம்மாவிடம் எதை முதலில் சொல்வது என்று மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டே வந்தேன். வேரில் வண்டி வழுக்கியது, நான் ஓடிப்போய்ப் பிடித்தது, தம்பி ஏரியைப் பார்த்துச் சொன்னது.

வாகனத் தரிப்பிடம் கண்ணுக்குத் தெரிந்ததும் அப்பா கையை உயர்த்தினார்.

“எஞ்சினை நிப்பாட்டு,” என்றார் சித்தப்பாவிடம்.

“ஏன் அண்ணை, இன்னும் இருக்கே.”

அப்பா காரைக் காட்டினார். சித்தப்பா பார்த்தார், உடனே நிறுத்தினார். மிச்சத் தூரத்தை இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள், சரளைக்கல்லில் சத்தம் வராமல் புல்லோரமாக.

அம்மா முன் இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஜக்கெட்டைப் போர்த்துக்கொண்டு நித்திரையாக இருந்தார். வாய் சற்றுத் திறந்திருந்தது. கண்ணாடி அவருடைய மூச்சில் புகார்பிடித்திருந்தது. காலையில் ஊற்றிக்கொண்டு வந்த தேநீர் அப்படியே இருந்தது. நாங்கள் போன உடனேயே அவர் உறங்கியிருக்க வேண்டும்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. கண்ணாடியில் தட்டுவதற்குக் கையை உயர்த்தினேன்.

“அக்கா, தட்டாதை,” என்றான் தம்பி.

நாங்கள் இருவரும் எங்களுக்குள் நொஸ்கில்தான் பேசுவோம். அவன் அதைத் தமிழில் சொன்னான், அதுவும் கிசுகிசுத்து. நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். பெரிய ஆட்கள் பார்ப்பதுபோல அவன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரவுகளில் அவனுடைய கால்கள் இழுத்துப்பிடிக்கும்போது கூப்பிடுவது அவன், எழும்பி வருவது அம்மா. அது எத்தனை முறை என்பது அந்த வீட்டில் அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். நான் அடுத்த அறையில் விடியும்வரை உறங்குகிறவள்.

தூறல் மீண்டும் தொடங்கியது. சித்தப்பா தன் ஜக்கெட்டைக் கழற்றித் தம்பியின் தலைக்கு மேல் பிடித்தார். அப்பாவின் சட்டைப்பைக்குள் காரைத் திறக்கும் இன்னொரு திறப்பு இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. மூன்று பேரும் நனைந்துகொண்டு, யாரோ வரப்போவதைப்போலக் காத்து நின்றார்கள். எனக்கு அவர்கள் மேலும் கோபம் வந்தது. இப்படிப்பட்ட ஒரு நாளில் போய் அம்மா நித்திரை கொள்கிறாரே, இவர்களும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே என்று எனக்கு அழுகை வந்தது. அவர்கள் பார்க்காதபடி காரின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன்.